சீறல் ஓய்ந்த வீடு: தனித்து வளர்ந்த பூனையோடு புதிய பூனையைச் சேர்த்த ஒரு நிகழ்வின் ஆய்வு

ஆதரவற்ற பூனைகளுக்கு வீடு தேடித் தரும் சிறு குழு ஒன்றில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். பூனையைக் கொடுத்தனுப்பிய பிறகு எனக்கு வரும் அழைப்புகளில் பெரும்பாலானவை ஒரே கவலையைச் சொல்பவை: வீட்டில் ஏற்கெனவே இருக்கும் பூனை புதியதை ஏற்க மறுக்கிறது. அப்படி ஒரு வீட்டில் ஏறக்குறைய மூன்று மாதங்கள் நடந்ததை இங்கே பதிவு செய்கிறேன். குடும்பத்தாரின் சம்மதம் பெற்றுவிட்டேன். பெயர்களையும் அடையாளங்களையும் விட்டுவிட்டேன். இருந்த பூனையை மூத்தவள் என்றும் வந்த பூனையைப் புதியவன் என்றும் குறிப்பிடுகிறேன். இந்த நிகழ்வில் இரண்டு தவறுகள் நடந்தன. முதலாவது குடும்பத்தினுடையது. இரண்டாவது என்னுடையது. மூத்தவளை நோயில் தள்ளியது இரண்டாவதுதான் என்பதால் இதை எழுதியே ஆக வேண்டும் என்று நினைத்தேன்.

பின்னணி

வீட்டில் நால்வர்: கணவன், மனைவி, மனைவியின் தாயார், 12 வயது மகன். மூத்தவளுக்கு 6 வயது, கருத்தடை செய்யப்பட்டவள். கண் திறந்து இரண்டு வாரம்கூட ஆகாத குட்டியாகத் தாயைப் பிரிந்து வந்தவள். புட்டிப்பால் கொடுத்து வளர்த்தவர் பாட்டி. உடன்பிறந்த குட்டிகளோடு உருண்டு புரண்டு, கடித்தால் எவ்வளவு வலிக்கும், எதிரி எப்போது விட்டுக்கொடுக்கிறான் என்பதையெல்லாம் கற்கும் வாரங்கள் அவளுக்குக் கிடைக்கவில்லை. வந்த நாள்முதல் வேறு எந்தப் பூனையோடும் அவள் ஒரே கூரையின் கீழ் இருந்ததில்லை.

புதியவனுக்கு ஒன்றரை வயது. சாம்பல் நிறத்தில் கறுப்பு வரிகள் கொண்ட கடுவன். முந்தைய வீட்டில் இன்னொரு பூனையோடு வளர்ந்தவன். அந்தக் குடும்பம் வேறிடம் போகும்போது எங்கள் குழுவிடம் ஒப்படைக்கப்பட்டான். இங்கு வருவதற்கு இரண்டு வாரம் முன்புதான் அவனுக்குக் கருத்தடை நடந்தது. அறுவை முடிந்த அன்றே கடுவனின் குணம் மாறிவிடாது. உடலில் இருக்கும் ஹார்மோன் அடங்கச் சில வாரங்கள் பிடிக்கும். கையெழுத்து வாங்கும்போது இதைக் குடும்பத்திடம் சொன்னோம். ஆனால் முதல் நாள் அவனை எங்கே வைப்பீர்கள் என்று கேட்கவில்லை.

வீட்டின் அமைப்பையும் சொல்ல வேண்டும். பின்னால் எல்லாம் அதில்தான் போய் முடிந்தது. கூடத்திலிருந்து ஒரு குறுகிய நடைவழி உள்ளே போகிறது. எதிரெதிரே இருவர் வந்தால் ஒருவர் ஒதுங்கித்தான் நிற்க வேண்டும். அதன் முடிவில் துணி துவைக்கும் இடம். மூத்தவள் மலசலம் கழிக்கும் மணல் தட்டு ஆறு ஆண்டுகளாக அங்கேதான் இருந்தது. அந்த இடத்துக்கு வேறு வழி கிடையாது.

முதல் நாள்

அன்று நான் அங்கே இல்லை. குடும்பத்தார் தனித்தனியாகச் சொன்னதைச் சேர்த்து எழுதுகிறேன்.

மாலை ஆறு மணியளவில் புதியவன் இருந்த கூடையைக் கூடத்தின் நடுவில் வைத்துக் கதவைத் திறந்துவிட்டார்கள். மோந்து பார்த்துத் தாங்களே பழகிக்கொள்ளட்டும் என்பது எண்ணம். மூத்தவள் சமையலறையிலிருந்து வந்தவள், நாலடி தள்ளி வயிறு தரையில் படப் பதுங்கினாள். புதியவன் வாலை நேராக நிமிர்த்திக்கொண்டு வெளியே வந்தான். பூனைகளுக்குள் நிமிர்ந்த வால் நட்புக்கான அறிவிப்பு. அந்த வாலைப் படிக்க மூத்தவள் எங்கே கற்றிருப்பாள்? அவன் மூன்றடி வருவதற்குள் அவள் பாய்ந்துவிட்டாள். இரண்டும் ஒன்றாய்ச் சுருண்டு புரண்டன, முடி பறந்தது, மகன் அழத் தொடங்கினான். தந்தை ஒரு சோபாத் தலையணையை நடுவில் தள்ளியதும் பிரிந்தன. கையை நுழைக்காமல் தலையணையைத் தள்ளினாரே, அது அந்த நாளில் நடந்த ஒரே சரியான காரியம்.

மூத்தவள் படுக்கையறை அலமாரியின் மேல் ஏறிக்கொண்டாள். ஒரு மணி நேரம் கழித்துப் பாட்டி அவளை எடுத்து ஆறுதல் சொல்லப் போனார். புட்டிப்பால் கொடுத்த கை அது. மணிக்கட்டில் ஆழமாகக் கடித்துவிட்டாள். உடல் முழுக்கப் பதற்றம் ஏறியிருக்கும் பூனை, பதற்றத்துக்குக் காரணமானவனை எட்ட முடியாதபோது, கைக்கு அருகில் வரும் எவர் மீதும் அதைத் தீர்க்கும். பதற்றம் அடங்கச் சில மணி நேரமும் ஆகலாம், சில நாளும் ஆகலாம். பாட்டிக்கு இது தெரியாது. காயத்தைவிட "என்னையா கடித்தாள்" என்ற துயரம்தான் அவருக்குப் பெரிதாக இருந்தது.

காயத்தைச் சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு அன்றிரவே மருத்துவரிடம் போனார்கள். பூனையின் பல் ஊசி போன்றது. மேலே சின்னப் புள்ளியாகத் தெரியும், உள்ளே கிருமியை ஆழமாக இறக்கிவிடும். மணிக்கட்டிலும் விரல் மூட்டிலும் பட்ட கடியைச் சாதாரணமாக விடக் கூடாது.

மூன்றாம் நாள்: நான் பார்த்தது

அழைப்பு வந்தது மூன்றாம் நாள் காலையில். "அக்கா, எங்கள் பூனை கீழேயே இறங்க மாட்டேன் என்கிறது" என்றான் பையன்.

நான் போனபோது மூத்தவள் அலமாரி மேல் பழைய பெட்டிகளுக்குப் பின்னால் இருந்தாள். கண்மணிகள் முழுக்க விரிந்திருந்தன, காதுகள் பக்கவாட்டில் மடங்கியிருந்தன, முன்கால்கள் உடலுக்கடியில் இறுக்கமாக மடிந்திருந்தன. கடைசியாக எப்போது சாப்பிட்டாள் என்று கேட்டேன். ஒவ்வொருவரும் மற்றவர் வைத்திருப்பார் என்று நினைத்திருந்தார்கள். கணக்குப் பார்த்தால் ஒன்றரை நாளுக்கு மேல் எதுவும் உள்ளே போகவில்லை. இது என்னை உண்மையிலேயே பயமுறுத்தியது. நாய் இரண்டு நாள் சாப்பிடாமல் இருப்பதும் பூனை இருப்பதும் ஒன்றல்ல. பட்டினி கிடக்கும் பூனையின் உடல், சேமித்த கொழுப்பைக் கல்லீரலுக்கு அனுப்பும். கல்லீரல் அதைச் சமாளிக்க முடியாமல் செயலிழக்கத் தொடங்கும். பருமனான பூனைகளுக்கு ஆபத்து இன்னும் அதிகம். மூத்தவள் சற்றுப் பருமன்தான்.

புதியவன் கூடத்தில் சோபாவில் நிம்மதியாக உறங்கிக்கொண்டிருந்தான். எழுந்ததும் என் காலில் கன்னத்தைத் தேய்த்தான். பிறகு பின்காலால் காதைச் சொறிந்தான். சற்று நேரத்தில் மறுபடியும். காதுக்குள் பார்த்தபோது காப்பித்தூள் போலக் கருமையான அழுக்கு. காதுப் பூச்சி இருக்கலாம் என்று தோன்றியது.

முதல் முடிவு: கதவைச் சாத்தி, தொடக்கத்துக்குப் போவது

அன்றே புதியவனை மகனின் படிப்பறைக்குள் மாற்றினோம். ஏன் அந்த அறை என்றால், மூத்தவள் அதிகம் புழங்காத அறை அது. குடும்பம் முதலில் சொன்னது படுக்கையறையை. அது பெரியது, காற்றோட்டமானது. ஆனால் அவள் தினமும் உறங்கும் கட்டில் அங்கேதான் இருக்கிறது. அந்த அறையை அவனுக்குக் கொடுத்திருந்தால், வந்தவன் தன் படுக்கையைப் பிடுங்கிக்கொண்டான் என்றுதான் அவள் உடல் புரிந்துகொண்டிருக்கும். படிப்பறையில் அவனுக்கென்று மணல் தட்டு, தண்ணீர், ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப்பெட்டி. கதவின் கீழ் இடுக்கில் துண்டு சுருட்டி வைத்தோம்.

கால்நடை மருத்துவர் இரண்டையும் பார்த்தார். புதியவனுக்குக் காதுப் பூச்சி உறுதியானது, மருந்து தொடங்கியது. அது ஒரு பூனையிலிருந்து இன்னொன்றுக்கு எளிதில் தாவும் என்பதால் மூத்தவளுக்கும் மருந்து கொடுத்தார். பூனை லுகேமியா வைரஸ், எஃப்.ஐ.வி. என்று பூனைகளின் நோய் எதிர்ப்புச் சக்தியைக் குலைக்கும் இரண்டு வைரஸ்களுக்குப் புதியவனைச் சோதனை செய்தார், இரண்டும் இல்லை. வெளியே போகாமல் வளர்ந்தவன் என்பதால் அதை நம்ப முடிந்தது. தெருவிலிருந்து எடுத்த பூனை என்றால் ஒரு சோதனையோடு நிறுத்தக் கூடாது. தொற்றிய பின் சில வாரங்கள்வரை சோதனையில் தெரியாமல் போகலாம், இடைவெளி விட்டு மறுபடியும் செய்ய வேண்டும். மூத்தவளின் உடலில் ஆங்காங்கே கீறல்கள் இருந்தன, சீழ்க்கட்டி இல்லை. பூனைக்கடி உள்ளே பழுத்துக் கட்டியாகத் தெரியச் சில நாள் எடுக்கும் என்பதால், தினமும் தடவிப் பார்க்கச் சொன்னார்.

அன்று இரவு, கதவு சாத்தியிருந்த வீட்டில், மூத்தவள் தானாக இறங்கி வந்து சாப்பிட்டாள். பாட்டி அதைத் தொலைபேசியில் சொன்னபோது அவர் குரல் உடைந்திருந்தது.

ஒரு காலுறையின் பயணம்

அடுத்த பத்து நாட்களும் இரண்டும் ஒன்றையொன்று பார்க்கவில்லை. ஆனால் வேலை நடந்துகொண்டிருந்தது.

பூனை உறவைக் கண்ணால் தொடங்குவதில்லை, மூக்கால்தான் தொடங்குகிறது. கன்னத்திலும் நெற்றியிலும் விலாவிலும் பாதங்களிலும் இருக்கும் சுரப்பிகளின் வாசனையை வீட்டிலுள்ள பொருட்கள் மீதும் மனிதர்கள் மீதும் தேய்த்து வைக்கிறது. ஒன்றாக வாழும் பூனைகள் ஒன்றன் மீது ஒன்று உரசிக்கொள்வதால் ஒரு பொது வாசனை உருவாகிறது. அந்த வாசனை உள்ளவன் நம்மவன். முதல் நாள் கூடையிலிருந்து வெளிவந்தவனிடம் அந்த வீட்டின் வாசனை துளியும் இல்லை.

பையனின் சுத்தமான பருத்திக் காலுறை ஒன்றை எடுத்துப் புதியவனின் கன்னத்தில் மெதுவாகத் தேய்த்தோம். அதை மூத்தவளின் உணவுக் கிண்ணத்திலிருந்து ஆறடி தள்ளித் தரையில் வைத்தோம். மூக்குக்கு எதிரே கொண்டுபோய் நீட்டக் கூடாது. அணுகுவதா, விலகுவதா என்பது அவள் முடிவாக இருக்க வேண்டும். பையன் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதிக்கொண்டே வந்தான். அவனுடைய குறிப்புகள் இப்படி இருந்தன: "முதல் நாள் காலுறையைப் பார்த்துச் சீறினாள். சாப்பிடாமல் போனாள். இரண்டாம் நாள் சீறினாள், சாப்பிட்டாள். நான்காம் நாள் மோந்து பார்த்துவிட்டு வாயைத் திறந்தபடி கொஞ்ச நேரம் நின்றாள்." வாயைச் சற்றே திறந்து நிற்பதைக் கோபம் என்று அவன் நினைத்திருந்தான். அண்ணத்தில் இருக்கும் தனி உறுப்புக்கு வாசனையை அனுப்பி ஆராயும் செயல் அது. ஆராய்கிறாள் என்றால் அச்சம் குறைந்து ஆர்வம் வந்துவிட்டது. எட்டாம் நாள், காலுறை கிண்ணத்திலிருந்து ஒரு சாண் தூரத்தில் கிடக்க, அவள் நிதானமாகச் சாப்பிட்டு முடித்து அங்கேயே அமர்ந்து முகம் கழுவினாள். மறுபுறம் அவளுடைய வாசனை தடவிய காலுறையின் மீது புதியவன் முதல் நாளே படுத்து உறங்கினான்.

வேகம் எப்போதும் மெதுவானவளுக்குத்தான். புதியவன் தயாராக இருந்தது எங்களுக்குப் பொருட்டே அல்ல.

கதவும் வலையும்

பன்னிரண்டாம் நாளிலிருந்து சாத்திய கதவின் இரு பக்கமும் உணவு வைத்தோம், கதவிலிருந்து ஆறடி தள்ளி. தயங்காமல் சாப்பிட்டால் மறுநாள் அரையடி முன்னே. ஒரு நாள் மூத்தவள் கிண்ணத்தருகே வந்து கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள். மறுநாள் ஓரடி பின்னுக்கு எடுத்தோம். பூனை இயல்பாகத் தனியே வேட்டையாடித் தனியே உண்ணும் பிராணி. பக்கத்தில் வைத்துச் சாப்பிட வைத்தால் நட்பு வந்துவிடும் என்று அவசரப்பட்டு நெருக்கினால், உணவே அச்சத்தோடு ஒட்டிக்கொள்ளும்.

இடையில் தினம் ஒரு மணி நேரம் இடமாற்றம்: புதியவன் குளியலறைக்குள், மூத்தவள் படிப்பறையைச் சுற்றிப் பார்க்க. முதல் முறை அவள் சுவரோரமாகவே நகர்ந்தாள். மூன்றாவது முறை நாற்காலிக் காலில் கன்னத்தைத் தேய்த்தாள்.

இருபதாம் நாள் படிப்பறை வாசலில் வலைக்கதவு பொருத்தினோம். அதன் கீழ்ப்பாதியைப் படுக்கை விரிப்பால் மறைத்து, ஓரத்தில் மட்டும் கொஞ்சம் திறந்துவிட்டோம். ஒரு வேளைக்கு மூன்று நிமிடப் பார்வை. அவள் சீறினால் யாரும் அதட்டக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். சீறல் சண்டையல்ல. "தள்ளி நில்" என்று சொல்வதற்குப் பூனையிடம் இருக்கும் நாகரிகமான வழி அது. அதை அதட்டி அடக்கினால் எச்சரிக்கை போய்விடும், அடி மட்டும் மிஞ்சும். நாள் போகப் போகச் சீறல் குறைந்தது. இருபத்தேழாம் நாளுக்குப் பிறகு அது நின்றேவிட்டது.

முப்பத்தொன்றாம் நாள் வலையைத் திறந்தோம். இரண்டும் ஒன்றையொன்று பார்த்தன. புதியவன் பக்கவாட்டில் படுத்தான். மூத்தவள் ஐந்து நிமிடம் அமர்ந்திருந்துவிட்டு நடந்து போனாள். சத்தமே இல்லை. அடுத்த சில நாட்களில் ஒன்றாக இருக்கும் நேரத்தை இரண்டு மணி, நான்கு மணி என்று கூட்டி, பகல் முழுவதும் ஆக்கினோம். குடும்பத்தில் எல்லோர் முகத்திலும் நிம்மதி. நான் வாரம் இருமுறை போவதை நிறுத்திக்கொண்டேன்.

முப்பத்தாறாம் நாள் பையனின் தாயார் எனக்கு ஒரு கேள்வி அனுப்பினார். படிப்பறையில் தட்டு இருப்பதால் பையனுக்கு நாற்றம். இரண்டு தட்டுகளையும் துவைக்கும் இடத்திலேயே பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாமா? சுத்தம் செய்யவும் சுலபமாக இருக்கும். "தாராளமாக வையுங்கள்" என்று பதில் எழுதினேன். அந்த வீட்டின் நடைவழியை நான் எத்தனையோ முறை கடந்திருக்கிறேன். பதில் எழுதும்போது அது என் நினைவிலேயே வரவில்லை.

நாற்பத்தேழாம் நாள்

காலையில் பாட்டியின் கட்டிலில் மூத்தவள் சிறுநீர் கழித்திருந்தாள். மறுநாள் குளியலறை மிதியடியில். அதில் இளஞ்சிவப்பாக ஒரு கறை. பாட்டி என்னிடம் சொன்னது: "எங்களை ஏம்மா இப்படிப் பழிவாங்குகிறாள்? ஆறு வருஷத்தில் ஒரு நாள்கூட இப்படிச் செய்ததில்லையே."

அதற்கு நான் பதில் சொல்வதற்கு முன் மருத்துவரிடம் அழைத்துப் போகச் சொன்னேன். மணல் தட்டுக்கு வெளியே போகும் பூனையை முதலில் நோயாளியாகத்தான் பார்க்க வேண்டும். சிறுநீர்ச் சோதனையில் கிருமி இல்லை. ஸ்கேனில் கல் இல்லை. சிறுநீர்ப்பையில் வீக்கம் மட்டும் இருந்தது. வேறு காரணம் எதுவும் அகப்படாத இத்தகைய வீக்கம் பூனைகளுக்கு மன அழுத்தத்தோடு நெருங்கிய தொடர்புடையது என்று மருத்துவர் விளக்கினார். வலிக்கு மருந்து கொடுத்தார். மனிதர்களுக்கான வலி மாத்திரையைத் தப்பித்தவறியும் கொடுத்துவிடாதீர்கள் என்றும் எச்சரித்தார்; பாராசிட்டமால் பூனையைக் கொன்றுவிடும். இன்னொன்றையும் சொன்னார். இதே தொல்லை புதியவனுக்கு வந்து, அவன் தட்டில் உட்கார்ந்து முக்கியும் சிறுநீர் வராமல் இருந்தால் காலைவரை காத்திருக்கக் கூடாது. கடுவனின் சிறுநீர்க்குழாய் மிகக் குறுகியது. அடைத்துக்கொண்டால் ஓரிரு நாளில் உயிர் போய்விடும்.

அழுத்தம் என்றால், எதனால்? வீட்டில் சண்டை இல்லை. யாரும் சீறக்கூட இல்லை.

பையனின் நோட்டை மறுபடியும் வாங்கிப் படித்தேன். வலையைத் திறந்த பிறகும் அவன் விடாமல் எழுதியிருந்தான். நாற்பதாம் நாள்: "மதியம் முழுக்க புதியவன் நடைவழியில் படுத்திருந்தான்." நாற்பத்திரண்டு: "நடைவழியிலேயே தூங்குகிறான். அது அவனுக்குப் பிடித்த இடம்." நாற்பத்தைந்தில் ஒரே வரி: "அவள் தண்ணீர் கம்மியாகக் குடிக்கிறாள்."

நடைவழியைப் பார்க்கும்படி ஒரு கைப்பேசியைப் புத்தக அலமாரியில் சாய்த்து வைத்து, நாற்பத்தொன்பதாம் நாள் மதியம் நான்கு மணி நேரம் படம் பிடித்தோம். அதைக் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்த்தேன். புதியவன் நடைவழியின் நடுவில், குறுக்காக, ஒரு பக்கமாகச் சாய்ந்து படுத்திருக்கிறான். கூடத்திலிருந்து மூத்தவள் வருகிறாள். நடைவழியின் தொடக்கத்தில் நிற்கிறாள். அவன் எழவில்லை, தலையை மட்டும் தூக்கிப் பார்க்கிறான். கண்ணை எடுக்கவில்லை. அவள் உதட்டை ஒரு முறை நக்கிக்கொள்கிறாள். ஒரு முன்காலைத் தூக்கியபடி சற்று நேரம் அசையாமல் நிற்கிறாள். பிறகு, வேறெங்கோ போக வந்தவளைப் போல முகத்தைத் திருப்பிக்கொண்டு, மெதுவாகத் திரும்பிப் போகிறாள். அவன் தலையைக் கீழே போட்டுக்கொள்கிறான். நான்கு மணி நேரத்தில் இது ஒன்பது முறை நடந்தது. ஒரு முறைகூட அவள் உள்ளே போகவில்லை.

ஐந்தாவது முறையிலேயே பாட்டி எழுந்து போய்விட்டார். திரும்பி வந்து, "பாவி, நான் அவளைத் திட்டினேனே" என்றார்.

சீறல் நின்றதைச் சமாதானம் என்று நாங்கள் எல்லோரும் எடுத்துக்கொண்டோம். அவள் விட்டுக்கொடுக்கத் தொடங்கியிருந்தாள், அவ்வளவுதான் நடந்திருந்தது. புதியவனையும் குற்றம் சொல்ல முடியாது. கூடமும் படிப்பறையும் ஒருசேரத் தெரியும் இடம் அது ஒன்றுதான். புது வீட்டில் எந்தப் பூனையும் அப்படி ஓர் இடத்தைத்தான் தேடும். முரட்டுத்தனமாக அவன் ஒன்றும் செய்யவில்லை. அவன் படுத்திருந்த இடமே போதுமானதாக இருந்தது. பக்கத்தில் பக்கத்தில் வைத்த இரண்டு தட்டுகள் மனிதக் கணக்கில் இரண்டு. பூனைக்கு அது ஒரே இடம். அதற்குப் போக ஒரே வழி. அந்த வழியில் ஒருவன் படுத்திருக்கிறான்.

இரண்டாம் முடிவு: வீட்டை மாற்றுவது

புதியவனைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று தந்தை சொன்னார். அதை நான் தடுக்கவில்லை. பொருந்தாத வீட்டில் ஒரு பூனையைப் பிடித்து வைத்திருப்பது இரண்டுக்குமே கொடுமை. வேறு நல்ல வீடு தேடுவதில் வெட்கப்பட எதுவுமில்லை. ஆனால் நாங்கள் இதுவரை பூனைகளை மாற்றத்தான் முயன்றோமே தவிர வீட்டை மாற்றிப் பார்க்கவில்லை என்பதைச் சொன்னேன். ஆறு வாரம் அவகாசம் வைத்துக்கொண்டோம். அதற்குள் மூத்தவள் தட்டைத் தயக்கமின்றிப் பயன்படுத்தி, கட்டிலில் பழையபடி உறங்கவில்லை என்றால் புதியவனுக்கு வேறு வீடு.

மணல் தட்டுகளை மூன்றாக்கினோம்: பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒன்று கூடுதல். ஒன்று பழைய இடத்தில், ஒன்று படிப்பறையில், ஒன்று பாட்டியின் அறை மூலையில். அந்த மூலைக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் வரலாம், போகலாம். நாற்றம் பற்றிய கவலைக்குத் தினம் இருமுறை அள்ளுவதுதான் பதில். பையன் அந்தப் பொறுப்பை ஏற்றான். தண்ணீரையும் உணவையும் தட்டுகளிலிருந்து விலக்கி, ஒன்று உண்ணும் இடத்திலிருந்து மற்றது தெரியாதபடி வேறு வேறு அறைகளில் வைத்தோம். தந்தை நடைவழிச் சுவரில், தலைக்குச் சற்று மேலே, ஒரு நீளப் பலகையைப் பொருத்தினார். கூடத்துப் புத்தக அலமாரியிலிருந்து ஏறினால் துவைக்கும் இடம்வரை தரையைத் தொடாமலே போகலாம். கூட ஜன்னலருகே புதியவனுக்கு உயரமான படுக்கை ஒன்று போட்டோம். நடைவழியைவிட நல்ல காவல் இடம் கிடைத்தால் அவன் அங்கே மாறுவான் என்பது கணிப்பு. காலையும் மாலையும் 15 நிமிடம் இறகுக் குச்சியால் அவனை ஓடவிட்டு, பிறகு உணவு. ஒன்றரை வயதுக் கடுவனின் உடலில் இருக்கும் விசையை யாராவது செலவழிக்க வேண்டும். இல்லாவிட்டால் மூத்தவளைத் துரத்தித்தான் அவன் செலவழிப்பான். இரவிலும் ஆளில்லாத நேரத்திலும் பழையபடி தனித்தனி அறை.

பின்னர் நடந்தவை

ஒரு வாரத்தில் சிறுநீரில் கறை நின்றது. பாட்டியின் அறைத் தட்டை மூத்தவள் வைத்த அன்றே பயன்படுத்தினாள். பலகையில் ஏற ஒன்பது நாள் ஆனது. ஒரு நாள் மதியம் புதியவன் கீழே படுத்திருக்க, அவள் அவன் தலைக்கு மேலாக, நகம் மரத்தில் மெல்ல உரசும் ஒலியோடு, நடந்து போனாள். அவன் நிமிர்ந்து பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை. பையன் நோட்டில் அந்தப் பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருந்தான்.

ஜன்னல் படுக்கைக்குப் புதியவன் இரண்டாம் வாரத்தில் மாறினான். அறுபதாம் நாளுக்குப் பிறகு அவனுடைய துரத்தலும் குறைந்தது. விளையாட்டு காரணமா, ஹார்மோன் அடங்கியது காரணமா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டும் கூடத்தில் ஓடிப் பிடித்த சில நாட்களில் குடும்பம் பயந்துபோய் அழைத்தது. அந்தப் பதிவுகளைப் பார்த்தேன். சத்தமில்லை, இடையிடையே நின்று மூச்சு வாங்கின, துரத்துபவர் மாறிக்கொண்டே இருந்தார். அது விளையாட்டு. ஒருவரே எப்போதும் துரத்தி, மற்றவர் எப்போதும் ஒளிந்தால் மட்டும் நிறுத்துங்கள் என்றேன்.

தொண்ணூறாம் நாள் நிலவரம்: பகலில் இரண்டும் ஒரே சோபாவின் இரு முனைகளில் உறங்குகின்றன. ஒன்றையொன்று நக்கிவிடுவதில்லை, உடல் ஒட்டிப் படுப்பதில்லை. இரண்டு முறை மூக்கோடு மூக்கு தொட்டுக்கொண்டதைத் தாயார் பார்த்திருக்கிறார். மூத்தவள் இரவில் பாட்டியின் காலடியில் பழையபடி உறங்குகிறாள். குடும்பம் எதிர்பார்த்திருந்தது ஒன்றையொன்று தழுவிக்கொண்டு உறங்கும் இரண்டு பூனைகளை. அது நடக்காமலும் போகலாம் என்று சொன்னேன். ஏற்றுக்கொண்டார்கள்.

ஐந்தாம் மாதம் புதியவன் தடுப்பூசிக்குப் போய்த் திரும்பியபோது மூத்தவள் மறுபடியும் உறுமினாள். மருத்துவமனை வாசனையில் அவளுக்கு அவன் அந்நியனாகிவிட்டான். இந்த முறை யாரும் பதறவில்லை. அவனைப் படிப்பறையில் ஒரு நாள் வைத்து, அவள் படுத்த துணியால் அவன் உடலைத் துடைத்துவிட்டு, மறுநாள் கதவைத் திறந்திருக்கிறார்கள். முடிந்த பிறகுதான் எனக்குச் சொன்னார்கள்.

இனி மாற்றிச் செய்வது

பூனையைக் கொடுக்கும் முன்பே, முதல் இரண்டு வாரம் அது தங்கும் அறையைக் காட்டச் சொல்கிறோம். அறை தயாராகாமல் பூனையை அனுப்புவதில்லை. கருத்தடை முடிந்த கடுவனை, இன்னொரு பூனை இருக்கும் வீட்டுக்கு ஆறு வாரத்துக்கு முன் கொடுப்பதையும் நிறுத்திவிட்டோம். குட்டியிலிருந்தே தனித்து வளர்ந்த பூனை உள்ள வீட்டில், இன்னொன்று தேவைதானா என்ற கேள்வியையும் இப்போது வெளிப்படையாகக் கேட்கிறேன். துணைக்கு ஒன்று வேண்டும் என்பது பெரும்பாலும் நம்முடைய விருப்பம். அந்தப் பூனை கேட்டதில்லை.

முன்பெல்லாம் சீறலையும் உறுமலையும் மட்டும் எண்ணச் சொல்வேன். இப்போது நான் கேட்பது வேறு: எத்தனை முறை தட்டுக்குப் போனாள், எத்தனை முறை பாதி வழியில் திரும்பினாள், எங்கே நின்று திரும்பினாள், தண்ணீர் எவ்வளவு குறைந்தது. வலையைத் திறந்த பிறகுதான் இந்தக் கணக்கு அதிகம் தேவை. நான் அப்போதுதான் கண்காணிப்பை விட்டேன். திறந்த பின் குறைந்தது நான்கு வாரம் குறிப்பு எழுதச் சொல்கிறேன்.

முதல் சந்திப்பில் ஒரு தாளைக் கொடுத்து, வீட்டின் வரைபடத்தைப் போடச் சொல்கிறேன். உணவு, தண்ணீர், தட்டு, உறங்கும் இடம் எல்லாவற்றையும் அதில் குறித்து, ஒவ்வொன்றுக்கும் போக எத்தனை வழி என்று கோடு இழுக்கிறோம். ஒரே கோடு உள்ள இடம் இருந்தால் அதன் மேல் சிவப்பு வட்டம். இந்தக் குடும்பத்தின் வீட்டை அந்தப் பையனே எனக்கு வரைந்து கொடுத்தான். நடைவழியின் மேல் அவன் தந்தை பொருத்திய பலகையை நீல மையில் காட்டியிருக்கிறான். புதிய வீடுகளுக்குப் போகும்போது அந்தத் தாளைத்தான் மாதிரியாக எடுத்துப் போகிறேன்.